கலைமகள் கடைக்கண் வேண்டுமாம்!

சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் மாணவர் ஓவியக் கண்காட்சி; வந்து பார்த்து இரண்டொரு சொல் பேச வேண்டும் என்று அழைத்திருந்தனர். சென்றோம். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்தப் பள்ளியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அது இல்லாவிட்டால் இன்னொன்று, இன்னொன்று இல்லாவிட்டால் மற்றொன்று. எங்கும் இதே கதைதான்.

கூடத்துச் சுவரெங்கும் அட்டைகள். எண்ணிப் பார்த்தோம். இரண்டு தென்னை, நடுவே மாலைக் கதிரவன், கீழே ஓர் ஓடம் — இப்படிப் பதினொன்று. பனி மூடிய மலை, அடிவாரத்தில் புகைபோக்கி வைத்த வீடு — இப்படி ஏழு. உலக உருண்டையை இரண்டு கைகள் ஏந்தி நிற்க, மேலே 'இயற்கையைக் காப்போம்' என்ற எழுத்து — ஆறு. மயில்மேல் முருகன் நான்கு. பிள்ளையார் மட்டும் ஒன்பது!

பனி மூடிய மலையாம்! சிங்காநல்லூரிலே பனி பெய்து பார்த்தவர் யார்? புகைபோக்கியைத் தேடிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போவானேன்? திருச்சி சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைப் புகைபோக்கி நின்ற ஊராயிற்றே இது!

பக்கத்தில் நின்ற பையனைக் கேட்டோம்: "தம்பி, இந்த மலையை எங்கே பார்த்தாய்?"

"போன்லதானுங்க."

"உனக்கே என்று ஒன்று தோன்றவில்லையா?"

"தோணவே மாட்டேங்குதுங்க. அதெல்லாம் சரஸ்வதி கடாட்சம் இருந்தாத்தான் வருமாமுங்க. எங்க அம்மாயி சொன்னாங்க."

அம்மாயியை நாம் நொந்துகொள்ளவில்லை. அவருக்குச் சொன்னவர்கள் யார், அவர்களுக்குச் சொன்னவர்கள் யார் என்று தேடிப் போனால், அது போய் நிற்கும் இடம் நமக்குத் தெரியும். ஆயினும் அந்தப் பிள்ளை சொன்ன சொல் நெஞ்சிலே தைத்தது. பதின்மூன்று வயதுப் பையன், கண் இரண்டும் தெளிவாக இருக்கிறது, கை இரண்டும் வலுவாக இருக்கிறது. ஆனால் தனக்குத் தோன்றாது என்று அவனே முடிவு கட்டிவிட்டான்! தோன்றுவதற்கு மேலேயிருந்து ஒருத்தி மனம் இரங்க வேண்டுமாம். அவள் கடைக்கண் காட்டும் வரையில் கைப்பேசியில் கிடைத்த பனிமலையே போதுமாம்!

கேட்கிறோம்: கலை வருவது அருளால் என்றால், அந்த அருள் ஏன் ஆள் பார்த்து, தெருப் பார்த்து, வீடு பார்த்து வந்தது? பானை வனைந்தவனுக்கு விரலிலே வளைவும் நெளிவும் இருந்தன. அவனைக் கலைஞன் என்று அழைத்தார்களா? கல்லைச் செதுக்கிச் சிலையாக்கியவனைக் கருவறைக்குள்ளே விட்டார்களா? தோலைப் பதப்படுத்திப் பறைக்கு இழுத்துக் கட்டியவனின் காதிலே சுருதி இருந்தது. அவனைத் தெருவுக்குள்ளேயே விடவில்லையே! செய்தவன் இழிந்தவன், செய்ததைப் பார்த்துத் தலையாட்டியவன் ரசிகன், அவ்விருவருக்கும் மேலே அருள் பாலித்தவள் ஒருத்தி! இந்தக் கணக்கிலே கூலி மட்டும் எவனுக்குக் குறைந்தது என்று பாருங்கள். அருள் என்ற சொல் எதற்காகப் பிறந்தது என்பது விளங்கும்.

இரவிவர்மா 1894-ல் பம்பாயிலே அச்சகம் தொடங்கி, தேவியர் படங்களை ஆயிரக்கணக்கில் அச்சிட்டுப் பரப்பினார். இன்று நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் கலைமகளுக்கும் திருமகளுக்கும் முகச் சாயல் தந்தவை பெரும்பாலும் அந்தப் படங்களே. அந்தத் தேவியருக்கு முகம் எங்கிருந்து கிடைத்தது? அவர்முன் அமர்ந்த, மூச்சு விடும், பசித்தால் உண்ணும் மனிதப் பெண்களைப் பார்த்துத்தான் அவர் தீட்டினார். கலைமகளை வரைவதற்கே ஒரு பெண்ணை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது, தோழர்களே! கலைமகளே பார்வையில் பிறந்தவள் என்றால், பார்வை கலைமகளால் பிறக்கும் என்பது எந்த ஊர் நியாயம்?

அருள் என்ற இந்தப் பேச்சு வெறும் அறியாமை மட்டுமன்று. அது பலருக்கு வசதியாகவும் இருக்கிறது. அருள் வரவில்லை என்று சொல்லிவிட்டால், ஆசிரியர் வரவில்லை என்பது மறைந்து போகுமல்லவா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஓவியத்துக்கு ஆசிரியர். அதுவும் பகுதிநேர ஆசிரியர்! நூற்றொரு பேர் உள்ள பள்ளியில் கலை உண்டு. தொண்ணூற்றொன்பது பேர் உள்ள பள்ளியில் இல்லை. தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்குக் கண்ணில்லையா? தமிழ்நாட்டில் 2012-ல் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஓவியம் கற்பிப்போரும் அவர்களுள் அடங்குவர். வாரத்தில் மூன்று அரை நாள். தொடக்கத்தில் மாத ஊதியம் 5,000 ரூபாய். பின்னர் ஊதியம் படிப்படியாக ஏறியது உண்மை. ஆயினும் ஊதிய உயர்வுக்கும் பணி நிலைப்புக்கும் அவர்கள் தெருவில் அமர்ந்து போராடிய காட்சியை நாடு பலமுறை கண்டது. அந்த ஆசிரியரிடம் போய், "ஏன் பிள்ளைகள் பனிமலை வரைகிறார்கள்?" என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டிய இடம் வேறு.

கண்காட்சிக் கூடத்தை விட்டு வெளியே வந்து, அந்தப் பையனையும் இன்னும் நாலைந்து பேரையும் அழைத்துக்கொண்டு நடந்தோம். பத்து நிமிட நடை. குளம் வந்தது. சிங்காநல்லூர்க் குளம்! 288 ஏக்கர் பரப்பு. நொய்யல் வாய்க்கால் கொண்டுவரும் நீரும் சங்கனூர்ப் பள்ளம் இழுத்துவரும் நகரத்துக் கழிவும் கலக்கும் இடம். 2017-ல் கோவை மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. கூழைக்கடா நீந்துகிறது, நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கிறது, நீலத் தாழைக்கோழி சேற்றிலே நடை பழகுகிறது. மறுபக்கம் ஆகாயத் தாமரை பச்சைப் பாயாய் விரிந்து நீரை மூடுகிறது. 'இயற்கையைக் காப்போம்' என்று உலக உருண்டை வரைந்தவர் ஆறு பேரில் மூவர் எம்முடன் இருந்தனர். மூவரில் ஒருவர்கூட இந்தக் கரையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை!

சித்தன்னவாசல் போயிருக்கிறீர்களா, தோழர்களே? புதுக்கோட்டைக்கு அருகே குன்றைக் குடைந்து அமைத்த சமணக் குகைக் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியன் ஒருவன் அதன் விதானத்தில் என்ன தீட்டினான் தெரியுமா? குளம் தீட்டினான்! தாமரை மலர்ந்த குளம். மீன் துள்ளுகிறது, பறவை நீந்துகிறது, யானை இறங்குகிறது, எருமை நிற்கிறது, ஆடவர் பூப்பறிக்கின்றனர். சமணர் சொன்ன சமயக் கதைக்காகத்தான் அவன் அதைத் தீட்டினான்; மறுக்கவில்லை நாம். ஆனால் எருமை நீருக்குள் எப்படி நிற்கும், தாமரை இலை காற்றில் எப்படி மடங்கும், பூவைக் கொய்தவன் தண்டை எப்படித் தோளிலே சாய்த்துக்கொள்வான் என்பதை அவனுக்கு எந்தச் சமய நூல் சொல்லிற்று? ஏதோ ஒரு குளக்கரையில் பல காலை நின்று கண்ட கண் சொல்லிற்று! தருமம் சமணருடையதாக இருக்கலாம்; எருமை அவன் ஊர் எருமை.

அந்தக் குளத்தில் தாமரை. இந்தக் குளத்தில் ஆகாயத் தாமரை. பெயரில் இரண்டும் தாமரைதான். ஆகாயத் தாமரை எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவிலிருந்து. ஏன் வந்தது? பூ அழகாக இருக்கிறதென்று தோட்டத்துத் தொட்டிக்காகக் கொண்டுவந்தார்கள். அழகுக்கு வந்தது ஆற்றையும் ஏரியையும் அடைத்தது. இதை அந்தக் கரையில் நின்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பனிமலை வரைந்த பையன் குறுக்கிட்டான்: "அப்ப ரெண்டு தாமரையையும் ஒரே அட்டையில பக்கத்துல பக்கத்துல போட்டா எப்படிங்க இருக்கும்?"

எப்படி இருக்கும் என்கிறான்! கடாட்சம் எங்கேயிருந்து வந்தது இப்போது? வானம் பிளந்ததா? வீணை ஒலித்ததா? ஒன்றுமில்லை. ஒரு பொருளைப் பார்த்தான். அது எப்படி வந்தது என்று கேட்டான். தெரிந்த இன்னொன்றோடு அதை வைத்து ஒப்பிட்டான். எண்ணம் பிறப்பது இவ்வளவுதான். பார்க்க விட்டால் எவனுக்கும் பிறக்கும்.

நொய்யலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி மலைகளில் பிறந்து கோவை, திருப்பூர் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. இதன் கரையில் உள்ள கொடுமணலில், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்கள் தங்கள் பெயரைத் தமிழி எழுத்தில் பானையின்மேல் கீறி வைத்துவிட்டுப் போயிருக்கின்றனர். அகழ்ந்து எடுத்த ஓடுகள் சான்று கூறுகின்றன. அதே ஆற்றில் திருப்பூர்ச் சாயக் கழிவு கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறிற்று. 2011-ல் சாயத் தொழிலகங்களை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டிய நிலை வந்தது. வண்ணம் என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறோமே, பன்னிரண்டு வண்ணப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு! நீலம் எங்கே போய்ச் சேர்ந்தது, சிவப்பு யாருடைய கிணற்றில் இறங்கிற்று என்று ஆற்றை ஒட்டி நடந்து ஒரு மாணவி வரைந்து வந்தால் அது ஓவியமாகாதா? ஆறு பிறக்கும் இடத்திலிருந்து அணை வரை, ஆறு சிறு தாளில் ஆறு இடத்து நீரின் நிறம். அதற்கு அருள் வேண்டாம்; பேருந்துக் கட்டணம் வேண்டும்; கூட வர ஓர் ஆசிரியர் வேண்டும்.

இனி ஆலைக்கு வருவோம். இந்த மண்ணின் மைந்தர் ஆலையைப் பேசாமல் இருக்க முடியாது. 1888-ல் கோவையிலே ஸ்டேன்ஸ் தொடங்கி வைத்த நூற்பாலை முதலாவது. 1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும் ஆலைகள் காளான்போல் முளைத்தன. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், வரதராஜபுரம், உப்பிலிபாளையம் — எல்லாம் ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, ஆலைச் சங்கு ஊதினால் உறங்கிய ஊர்கள். கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் சங்கு கடிகாரம். ஒண்டிப்புதூரில் உள்ள கம்போடியா மில்லின் பெயரைப் பாருங்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கு நிலத்துக்கு வந்து வேரூன்றிய கம்போடியாப் பருத்தியின் பெயர் அது. ஓர் ஆலைப் பெயர்ப்பலகைக்குள் ஒரு பயிரின் கடல்கடந்த பயணமே அடங்கியிருக்கிறது! தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழிருந்த அந்த ஆலையும் அதன் உடன்பிறப்புகளும் 2020 மார்ச்சில் தொற்றுநோய் ஊரடங்கில் நின்றன. ஊரடங்கு தளர்ந்தது, இயந்திரம் தளர்ந்ததுதான் மிச்சம். வாயிலில் தொழிலாளர் பலமுறை கூடிக் கேட்டும் ஆண்டுக்கணக்கில் சங்கு ஊதவில்லை. பூட்டிய கதவு, துருவேறிய பூட்டு, கதவின்மேல் படர்ந்த கொடி — இதை எத்தனை மாணவர் வரைந்தனர்? கண்காட்சியில் ஒன்றைக்கூட நாம் காணவில்லை என்றே முதலில் எண்ணினோம். (அது தவறு என்பது பிறகு தெரிந்தது, அதைப் பிறகு சொல்வோம்.)

பக்கத்திலே சின்னியம்பாளையம். அவ்வூர் ஆலைத் தொழிலாளர் நால்வர் — இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் — 1946 சனவரி 8-ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிலாளர் கூடி நினைவு கூருகின்றனர். அந்த நால்வரைப் பற்றி நாலு கோடு கிழித்த பள்ளிப் பிள்ளை உண்டா? பிள்ளையாருக்கு ஒன்பது அட்டை, பிள்ளைகளின் பாட்டனாருக்கு ஓர் அட்டை இல்லை!

இந்தக் கோவையிலே சென்ட்ரல் ஸ்டூடியோ என்றொரு படப்பிடிப்பு நிலையம் இருந்தது. துணியிலே தீட்டிய மாடமாளிகை, அட்டையிலே செய்த கூடகோபுரம். வெளியே ஆலைச் சங்கு ஊதும். உள்ளே அரசகுமாரி அன்னநடை நடப்பாள். 1947-ல் வெளியான 'ராஜகுமாரி' அங்கே உருவான படம். அதற்கு உரையாடல் எழுதிய இளைஞர் மு. கருணாநிதி அப்போது குடியிருந்தது இந்தச் சிங்காநல்லூரில்தான். அரசகுமாரிக்கு எழுதிய அதே பேனா, ஐந்தாண்டு கழித்து 1952-ல் 'பராசக்தி'யில் நடைபாதையில் கிடந்தவனின் பசியை எழுதிற்று. பேனா ஒன்றே, பார்த்த இடம் மாறியது. நாடு எதைத் திரும்பத் திரும்பப் பேசிற்று என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கே சிலர் வேகமாகக் கை தூக்குவார்கள். "ஆலையை வரை, தறியை வரை, பானையை வரை என்கிறீர்களே, இது குலக்கல்வியைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருவதல்லவா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. கேட்டவரைப் பாராட்டுகிறோம், ஏனெனில் அந்தத் திட்டத்தை இந்த நாட்டுப் பிள்ளைகள் மறக்கக் கூடாது. 1953-ல் சென்னை மாநிலத்தில் இராசாசி கொண்டுவந்த திட்டம் என்ன சொல்லிற்று? பாதி நாள் பள்ளி. மீதி நாள் பெற்றோர் தொழில். மறுநாளே தெரிந்துவிட்டது அதன் உட்பொருள்: செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்க, சிரைப்பவன் மகன் சிரைக்க, ஓதுபவன் மகன் ஓத! எதிர்ப்புப் புயல் வீசிற்று. 1954-ல் காமராசர் முதல்வரானதும் திட்டம் குழியில் விழுந்தது. அந்தத் திட்டம், நெசவாளி மகனின் கையிலே நாடாவைக் கொடுத்து, "இதை விட்டு நகராதே" என்றது. நாம் அவன் கையிலே எழுதுகோலைக் கொடுத்து, "உன் அப்பனை இதுவரை எவனும் பார்க்காதபடி பார், பார்த்ததை உலகுக்குக் காட்டு" என்கிறோம். தறியில் அமர்வது வேறு. தறியில் அமர்ந்தவனை நிமிர்ந்து பார்த்து எழுதுவது வேறு. முன்னது பூட்டு. பின்னது அந்தப் பூட்டை யார் போட்டார் என்ற கேள்வி. நெசவாளி மகள்தான் தறியை வரைய வேண்டும் என்பதும் இல்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளை வரையட்டும், வட்டிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை வரையட்டும். அவர்களுக்கு அது இன்னும் தேவை!

செருமனியில் கேத்தே கோல்விட்ஸ் என்றொரு பெண்மணி இருந்தார். அவருடைய கணவர் பெர்லினில் தொழிலாளர் வாழும் பகுதியில் மருத்துவர். மருந்துக்கு வந்து நின்ற பெண்களின் முகங்களை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். 1893-ல் சிலேசிய நெசவாளரின் 1844-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிய நாடகம் ஒன்றைக் கண்டார். வீடு திரும்பி, செய்துகொண்டிருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, நெசவாளர் எழுச்சியை ஆறு படங்களாகச் செய்தார். எத்தனை நாளில் என்று நினைக்கிறீர்கள்? நான்காண்டுக்கு மேல்! மின்னல்போல் வந்து இறங்கும் அருளா அது? வரைந்தார், கிழித்தார், அச்சுத் தகட்டைச் சுரண்டினார், மீண்டும் வரைந்தார். 1898-ல் பெர்லின் பெருங்கண்காட்சியில் நடுவர் குழு அவருக்குத் தங்கப் பதக்கம் தரலாம் என்றது. கெய்சர் மன்னன் வில்ஹெல்ம் கூடாது என்று தடுத்துவிட்டான். பூச்செண்டு வரைந்திருந்தால் தடுத்திருப்பானா? நெசவாளியின் பசி சுவரில் ஏறுவதை மன்னனால் தாங்க முடியவில்லை.

நம் நாட்டில் மட்டும் என்ன? 1943-ல் வங்கப் பஞ்சத்தில் செத்துக் கிடந்தோரையும் சாகக் காத்திருந்தோரையும் சித்தபிரசாத் ஊர் ஊராக நடந்து கோட்டோவியமாக எழுதினார். நூலாக வந்த அந்த ஓவியங்களின் படிகளை வெள்ளை அரசு கைப்பற்றிக் கொளுத்திற்று. தென்னையும் ஓடமும் வரைந்த அட்டையை எந்த அரசாவது கொளுத்தியது உண்டா?

எல்லோரும் பஞ்சத்தையும் கிளர்ச்சியையுமே வரைய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பிள்ளையாரை இறக்கிவிட்டு அதே ஆணியில் இன்னொரு கட்டளையை மாட்டுவதாகும். சென்னை ஓவியக் கல்லூரியில் பணியாற்றிய கே.சி.எஸ். பணிக்கர் 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதற்கு வித்து எது? ஒரு மாணவரின் கணக்கு நோட்டு! எண்கள், இயற்கணிதக் குறிகள், வடிவியல் கோடுகள் நிறைந்த பக்கம். நாம் மதிப்பெண் போட்டுவிட்டு எடைக்குப் போடுகிறோமே, அந்த நோட்டு! சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கிறதே உழைப்பாளர் சிலை, பாறையைப் புரட்டும் நால்வர், அதை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அக்கல்லூரியின் முதல்வர். கல்லூரிக் காவலாளியையும் மாணவர் ஒருவரையும் முன்னிறுத்தி அதைச் செய்தார் என்பர். வாசலில் தினமும் கும்பிடு போட்ட காவலாளியின் தோளிலே வெண்கலம் இருந்தது, கண்டவர் அவர்.

சரி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவோம். பிள்ளைகள் ஏன் பார்ப்பதில்லை? பார்த்தால் மதிப்பெண் இல்லை, அதுதான் காரணம். 'புராஜெக்ட்' என்று ஒரு பெயர். வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு. திங்கட்கிழமை காலை ஒப்படைப்பு. ஞாயிற்றுக்கிழமை இரவு தகப்பனார் கடைத்தெருவில் ஓடுகிறார். கடையிலே எரிமலை விற்கிறார்கள், சூரியக் குடும்பம் விற்கிறார்கள், தெர்மாகோலில் செய்த சிற்றூர் விற்கிறார்கள். பிள்ளையின் பெயரை எழுதுவதற்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்! காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பளபளக்கும் அட்டை, முதல் பரிசு. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பழைய நாட்காட்டியின் பின்பக்கம். 'நேர்த்தி போதாது' என்று சிவப்பு மை. இதற்கு ஓவியக் கண்காட்சி என்று பெயர் எதற்கு? கடைக் கண்காட்சி என்று வைத்துவிடலாமே! கலைமகள் கடைக்கண் என்று அம்மாயி சொன்னது இந்தக் கடையைத்தானோ, என்னவோ!

இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. கைப்பேசியிடம் இரண்டு சொல் சொன்னால் இயந்திரமே படம் எழுதித் தருகிறது. நாம் இயந்திரத்தின் எதிரிகள் அல்லர். அறிவியலைக் கண்டு அஞ்சுகிற கூட்டத்தில் நாம் என்றும் நின்றதில்லை. ஆனால் அந்த இயந்திரத்திடம் 'ஆலைத் தொழிலாளி' என்று கேட்டுப் பாருங்கள். யாரோ ஒரு தொழிலாளியைத் தரும். உங்கள் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தொழிலாளியைத் தராது. அவரை அது பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

பார்த்த ஒரு சிறுமி இருந்தாள்.

குளக்கரையிலிருந்து திரும்பி வந்தபோது, கூடத்தின் கதவை யாரோ சாத்தினார்கள். கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை! கரிக்கோலால் எழுதிய இரண்டு கைகள். வேறொன்றுமில்லை, முகமில்லை, உடம்பில்லை, பின்னணியில்லை. வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கின்றன. அட்டையின் ஓரமெல்லாம் கரி அப்பியிருந்தது. எழுதியவள் எட்டாம் வகுப்பு மாணவி. எப்படித் தோன்றிற்று என்று கேட்டோம். தோன்றவெல்லாம் இல்லை என்றாள். அவள் சொன்னது இது:

அவளுடைய அப்புச்சி முப்பதாண்டு காலம் ஆலையில் ரிங் பிரேம் ஓட்டிய சைடர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் விரல்கள் தாமாகவே உரசிக்கொள்ளும். "ஏனுங்க அப்புச்சி, எதுக்குங்க இப்படி வெரலத் தேச்சுக்கிட்டே இருக்கறீங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "தேய்க்கறனா கண்ணு? எனக்கே தெரியலியே! இழை அறுந்தா இப்படித்தானே ஒட்டோணும். அறுந்துக்கிட்டே இருக்கும், ஒட்டிக்கிட்டே இருப்போம். மில்லு நின்னு போச்சு, கை நிக்கல பாரு" என்றிருக்கிறார் அவர். மறுநாள், "கையக் கொஞ்சம் அப்படியே வெச்சிருங்க அப்புச்சி" என்று சொல்லிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். சரியாக வரவில்லை. கட்டைவிரல் ஏன் பளபளக்கிறது என்று கேட்டாள். நூல் அறுத்து அறுத்து ரேகை தேய்ந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு விரலை மட்டும் எழுதினாள். பஞ்சுத் தூசியால் வந்த இருமலுக்கு வரதராஜபுரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அவரோடு போன நாளில் வரிசையில் காத்திருந்தபோது, மற்ற பாட்டன்மாரின் கைகளையும் பார்த்தாள். இரண்டு பேருடைய விரலும் அதே போல் உரசுவதைக் கண்டுகொண்டாள். நோட்டில் பதினான்கு கைகள் இருந்தன. முதல் கை கத்தரிக்காய்போல் இருந்தது, அவளே சிரித்தாள். பதினான்காவதுதான் அட்டையில் ஏறியது.

"ஆலைக் கதவை ஏன் வரையவில்லை?" என்றோம். "வரைஞ்சேனுங்க, பின்னாடி" என்று அட்டையைத் திருப்பினாள். பூட்டிய கதவு, அதன்மேல் கொடி, பூட்டு மட்டும் அழுத்திக் கறுப்பாக எழுதப்பட்டிருந்தது. கை நன்றாக வந்ததால் அதை முன்பக்கம் வைத்துவிட்டாளாம்.

பொறுப்பாளரை அழைத்தோம். இதை ஏன் கதவுக்குப் பின்னால் மாட்டினீர்கள் என்று கேட்டோம். அட்டை அழுக்காக இருக்கிறது, விருந்தினர் வரும் நேரம் என்றார். முன்சுவரில் மாட்டுங்கள் என்றோம். இடமில்லை, ஆணியுமில்லை என்று கையை விரித்தார்.

"ஒன்பது பிள்ளையார் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர்கூடவா இந்தப் பெரியவருக்கு எழுந்து இடம் தரமாட்டார்?" என்று கேட்டோம். அவர் முதலில் திகைத்தார், பிறகு சிரித்துவிட்டார். பனிமலைப் பையன் முக்காலி கொண்டுவந்தான்.